ஸ்பிரேயர் உதிரிபாகங்கள்: எல்லாவற்றையும் 8424.90-இல் போட்டுவிடலாமா?

உபி_சரக்கு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சீனாவிலிருந்து கடல்வழியாக ஒரு சரக்கு வருகிறது. எல்லாம் முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற ஸ்பிரேயருக்கான உதிரிபாகங்கள். சப்ளையர் இன்வாய்ஸில் 13 வரி போட்டு, அத்தனைக்கும் ஒரே ஹெச்எஸ் கோட் (கஸ்டம்ஸில் பொருளை வகைப்படுத்தும் எண்), ஸ்பிரேயர் பாகத்துக்கான 8424.90, கொடுத்துவிட்டார். ஃபார்வர்டரின் டிக்ளேரண்ட்டிடம் (கஸ்டம்ஸ் பெர்மிட் போடுபவர்) கேட்டால், "சிங்கப்பூரில் இதற்கு டியூட்டியே கிடையாது, ஜிஎஸ்டி எப்படியும் 9 சதவீதம்தான், அப்படியே விடுங்கள்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரக்கு இதுதான்: பித்தளை நாசில் 600, செராமிக் டிஸ்க் (1.2 மி.மீ. ஓட்டை) 1,000, 16 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் 80, டிரிக்கர் ஹேண்டில் தனியாக 300, டிரிக்கரோடு சேர்ந்த முழு லான்ஸ் (கையில் பிடிக்கும் நீளத் தெளிப்புக் குழாய்) 150, 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் 120, பிரஷர் கேஜ் 60, நூல் பின்னல் உள்ளே ஓடுகிற பிவிசி ஹோஸ் 12 சுருள், எஃகு ஹோஸ் கிளிப் 1,000, ஓ-ரிங் 2,000, வடிகட்டி இரண்டு வகை, லித்தியம் பேட்டரி 40, அதற்குச் சார்ஜர் 40. எஃப்ஓபி மதிப்பு (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 18,000 சிங்கப்பூர் வெள்ளி, கப்பல் கூலி 1,450, இன்சூரன்ஸ் 90.

ஏறக்குறைய அறுபது சதவீதம் இங்கேயே போகும்: லிம் சூ காங் பண்ணைகள், நர்சரிகள், பூச்சி ஒழிப்பு கம்பெனிகள். மீதி லாரியில் மலேசியாவின் கேமரன் மலைக்கு. ஒரே கோட் போட்டால் எங்கே இடிக்கும்?

---

நாசில்_நாகு:

இடிக்கும். "ஸ்பிரேயரில் மாட்டுவது" என்பதும் "ஸ்பிரேயரின் பாகம்" என்பதும் டாரிஃப் கண்ணுக்கு வேறு வேறு. பம்ப் 8413, கேஜ் 9026, பேட்டரி 8507, சார்ஜர் 8504. இந்த நாலை முதலில் வெளியே எடுங்கள், மீதியை அப்புறம் பேசுவோம்.

ஜிஎஸ்டி கணக்கு எந்தக் கோட் போட்டாலும் ஒன்றுதான். 18,000 + 1,450 + 90 = 19,540 வெள்ளி, அதற்கு 9 சதவீதம் 1,758.60. எஃப்ஓபி மேல் மட்டும் கணக்கிட்டுவிட்டு கப்பல் கூலியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கோட் தப்பைவிட அது சீக்கிரம் மாட்டும்.

---

பழைய_டிக்ளேரண்ட்:

தம்பி, டிக்ளேரண்ட் சொன்னதில் பாதி சரி. சிங்கப்பூரில் டியூட்டி கட்ட வேண்டியது மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் என்கிற நாலு வகைக்குத்தான். ஆனால் டிரேட்நெட் (பெர்மிட் போடுகிற மின்னணு அமைப்பு) உங்கள் ஹெச்எஸ் கோடை வைத்துத்தான் "இதற்கு வேறு ஏஜென்சி அனுமதி வேண்டுமா" என்று பார்க்கிறது. தப்பான கோடில் போட்டால், அனுமதி வேண்டிய பொருள் அனுமதி இல்லாமல் போகும். டியூட்டி இல்லை என்பதற்காகத் தப்பான டிக்ளரேஷன் தப்பில்லை என்று ஆகிவிடாது. பேப்பரை 5 வருஷம் வைத்திருக்கச் சொல்வதும் பிறகு எடுத்துக் கேட்பதற்குத்தான்.

பாகங்களுக்கு வழி டாரிஃபின் செக்ஷன் 16-இன் (மெஷின்களுக்கான 84, 85 சாப்டர்கள்) நோட்களில் இருக்கிறது. வரிசை மாறாமல் படிக்க வேண்டும். பலர் நேராக நோட் 2(பி)-க்குத் தாவிவிடுகிறார்கள், அங்கேதான் கோளாறு.

முதலில் நோட் 1. இது செக்ஷனுக்குள்ளேயே வரக்கூடாதவற்றைச் சொல்கிறது. மெஷினில் போடுகிற வல்கனைஸ்டு ரப்பர் சாமான் 4016-க்குப் போய்விடும், உங்கள் ஓ-ரிங் 4016.93. உலோகத் திருகு, போல்ட், வாஷர் 7318, ஸ்பிரிங் 7320, இரும்பு, எஃகுக் குழாய் இணைப்பு 7307. பிளாஸ்டிக்கில் செய்த அதே மாதிரி சாமான்கள் 39-ஆம் சாப்டருக்கு. 90-ஆம் சாப்டர் கருவிகளும் இங்கே வராது, அதனால் பிரஷர் கேஜ் 9026.20. ஸ்பிரேயருக்கென்றே அளவெடுத்துச் செய்தது என்று சப்ளையர் எழுதிக் கொடுத்தாலும் இவை மாறாது.

அடுத்து நோட் 2(ஏ). 84, 85 சாப்டர்களில் தனக்கென்று ஒரு ஹெடிங் (நாலு இலக்கத் தலைப்பு) இருக்கிற பொருள், பாகமாக வந்தாலும் தன் ஹெடிங்குக்கே போகும். பம்ப் இங்கே மாட்டுகிறது. 12 வோல்ட் பம்பின் தலையைக் கழற்றினால் சாய்ந்த தட்டு ஒன்று சுற்றிச் சுற்றி டயாஃப்ரத்தை மாறி மாறி அழுத்தும். அது முன்பின் நகர்கிற வகை, 8413.50. சுழல்வது மோட்டார்தானே என்று 8413.60 போடாதீர்கள், திரவத்தைத் தள்ளுவது எது என்று பாருங்கள். பம்பின் தலை மட்டும் தனியாக வந்தால் 8413.91. அப்போதும் 8424.90 இல்லை, ஏனென்றால் அது பம்பின் பாகம். லித்தியம் அயன் பேட்டரி 8507.60, சார்ஜர் 8504.40.

இதெல்லாம் தாண்டி நிற்பதுதான் நோட் 2(பி): ஒரே வகை மெஷினுக்கு மட்டும், அல்லது முக்கியமாக அதற்கு, பொருந்துகிற பாகம். பித்தளை நாசில், 16 லிட்டர் டேங்க் இரண்டும் இங்கே வரும், 8424.90. டேங்க் பிளாஸ்டிக் என்பதால் 39-க்குத் தள்ள வேண்டாம். முதுகு வளைவும் பம்ப் உட்காரும் குழியும் வார்த்து வந்த டேங்கை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது.

ஹோஸ் கிளிப் கொஞ்சம் வேடிக்கையானது. நோட் 1-இல் சொல்கிற பொதுப் பாகங்கள் பட்டியலில் 7326 (மற்ற இரும்பு, எஃகுச் சாமான்கள்) இல்லை. அதனால் நோட் 1 அதை வெளியேற்றாது. ஆனால் எந்த ஹோஸிலும் மாட்டக்கூடிய கிளிப்பை ஸ்பிரேயருக்கே ஆனது என்று யாரும் நிரூபிக்க முடியாது. கடைசியில் 7326.90-க்கே போகிறது, வழி மட்டும் வேறு.

பிவிசி ஹோஸில் நூல் பின்னல் இருப்பதால் 3917.39. பின்னல் இல்லாத வெறும் ஹோஸ், முனையில் இணைப்பும் இல்லை என்றால் 3917.32. ரப்பர் ஹோஸாக இருந்தால் 4009. இன்வாய்ஸில் 'ஹோஸ்' என்று மட்டும் இருந்தால் இதில் எதையும் தீர்மானிக்க முடியாது. ஓர் அங்குலம் வெட்டி முகப்பைப் பாருங்கள், பின்னல் தெரியும்.

வடிகட்டி இரண்டு வகை என்கிறீர்கள். லைனில் மாட்டுகிற, கூடும் வலையும் சேர்ந்த வடிகட்டி 8421.29. டேங்க் வாயில் உட்கார்கிற வலைக்கூடை அப்படியல்ல. சாதாரண சல்லடை வகைகளை 8421 எடுத்துக்கொள்ளாது; அந்த டேங்க் வாய்க்கென்றே வார்த்த கூடை 8424.90. இரண்டையும் ஒரே வரியில் போட்டிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள்.

---

செங்காங்_சேது:

அண்ணே, டிரிக்கர் ஹேண்டிலை விட்டுவிட்டீர்கள். அதுவும் 8424.90தானே? ஸ்பிரேயரைத் தவிர வேறெதிலும் மாட்ட முடியாது. நோட் 2(பி)-க்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்புறம் முழு லான்ஸ், கையில் பிடித்து விசையை அழுத்துகிற சாமான், 8424.20 ஸ்பிரே கன் என்று போட வேண்டியதில்லையா?

---

பழைய_டிக்ளேரண்ட்:

சேது, 2(பி)-க்கு வருவதற்கு முன்னால் 2(ஏ) நிற்கிறது. அந்த ஹேண்டிலைப் பிரித்துப் பார்த்தால் என்ன இருக்கும்? ஒரு ஸ்பிரிங், ஒரு தண்டு, தண்டின் நுனியில் ரப்பர் முகம், அது போய் அடைக்கிற ஓர் இருக்கை. விசையை அழுத்தினால் தண்டு பின்னால் வந்து வழி திறக்கும், விட்டால் மூடும். அது எதையும் தெளிக்கவில்லை. ஓட்டத்தைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். வேலை வால்வின் வேலை, 8481.80. ஸ்பிரேயருக்கு மட்டும்தான் பொருந்தும் என்பது உண்மை, ஆனால் அந்தக் கேள்வி எழும் முன்பே அதற்கு வீடு கிடைத்துவிட்டது.

முழு லான்ஸ் வேறு. 8424-இன் விளக்கக் குறிப்பு பாகங்களுக்கு உதாரணம் சொல்லும்போது ஸ்பிரேயரின் தொட்டி, நாசில், லான்ஸ், சுழல் தெளிப்புத் தலை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 8481 வகையாக இல்லாதவரை என்றும் கூடவே சேர்க்கிறது. குழாயும் நாசிலும் பூட்டி வருகிற லான்ஸின் குணம் தெளிப்பது, அதனால் 8424.90. கைப்பிடியில் வால்வு இருப்பதால் மொத்தமும் வால்வாகிவிடாது.

8424.20 பற்றி: அந்தக் குறிப்பில் வருகிற ஸ்பிரே கன் பொதுவாகக் காற்று அல்லது நீராவி லைனில் மாட்டுவது, பெயின்ட் கடையில் பார்க்கிறோமே அது. முதுகு ஸ்பிரேயரின் லான்ஸ் அந்த ரகம் இல்லை. ஆனால் எஞ்சின் பவர் ஸ்பிரேயருக்கு வருகிற, துப்பாக்கி வடிவ உயர் அழுத்தக் கன் என்றால் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. அதற்கு நான் ஊகம் சொல்லமாட்டேன். கஸ்டம்ஸிடம் வகைப்பாட்டு ரூலிங் கேளுங்கள். பொருளுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. படம், உள்வெட்டுப் படம், எந்தப் பொருளால் ஆனது, வேலை செய்கிற அழுத்தம் எவ்வளவு, எதனோடு இணைகிறது என்பதை எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். கேட்லாக்கின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினால் கேள்விதான் திரும்பி வரும்.

---

நாசில்_நாகு:

செராமிக் டிஸ்க்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இந்தச் சரக்கிலேயே அதிகம் தப்பு நடக்கிற வரி அதுதான்.

84-ஆம் சாப்டர் நோட் 1 செராமிக்கால் ஆன மெஷின் பாகங்களை 69-ஆம் சாப்டருக்குத் தள்ளிவிடுகிறது, எந்த மெஷினுக்கானாலும் சரி. நடுவில் ஓட்டை போட்ட வெறும் வெள்ளை அல்லது ரோஸ் நிற வட்டம் வந்தால் அது 6909. அதற்குள்ளும் பிரிவு: போர்சலின் என்றால் 6909.11, போர்சலின் அல்லாமல் கடினத்தன்மை மோஸ் அளவில் 9-உம் அதற்கு மேலும் என்றால் 6909.12, மற்றவை 6909.19. ஸ்பிரேயர் டிஸ்க் பெரும்பாலும் அலுமினா, அது 9-ஐத் தொடும். அரத்தால் இழுத்துப் பார்த்தால் டிஸ்க்கில் கீறல் விழாது, அரத்தின் இரும்புதான் கறுப்புக் கோடாக அதில் ஒட்டும். ஆனால் பெர்மிட்டுக்கு அரம் ஆதாரமாகாது. சப்ளையரிடம் அலுமினா சதவீதமும் கடினத்தன்மையும் எழுதிய டேட்டா ஷீட் வாங்குங்கள்.

அதே டிஸ்க் பிளாஸ்டிக் உடலுக்குள் அழுத்திப் பூட்டி, முழு நாசிலாக வந்தால் கதை மாறும். பெரும்பகுதி வேறு பொருள், செராமிக் ஒரு சின்ன முனை. அது 8424.90-இலேயே இருக்கும். ஆகவே 'செராமிக் நாசில்' என்று இன்வாய்ஸில் இரண்டு சொல் மட்டும் இருந்தால் அது எந்தப் பக்கமும் விழும். "பிளாஸ்டிக் உடல், செராமிக் முனை, கை ஸ்பிரேயருக்கான முழு நாசில்" என்றோ "அலுமினா டிஸ்க் மட்டும், 1.2 மி.மீ. துளை" என்றோ எழுதச் சொல்லுங்கள்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. ஆபத்தான சரக்குக்கான ஐநா எண் உண்டு: தனி பேட்டரி என்றால் யுஎன் 3480, கருவியோடு ஒரே பெட்டியில் வந்தால் யுஎன் 3481. கடலில் வருவதால் இப்போது விமான விதி பொருந்தாது. அவசரம் என்று பத்து பேட்டரியை விமானத்தில் வரவழைத்தால், தனி பேட்டரியை 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல்தான் ஏற்ற முடியும். சார்ஜரில் இங்கத்து மூன்று முள் பிளக் இருந்தால், அந்த 13 ஆம்பியர் பிளக் பாதுகாப்புக் குறி வேண்டிய பொருள்களில் ஒன்று. அதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

---

உபி_சரக்கு:

மிக்க நன்றி. 13 வரியும் இப்போது பல கோடாகச் சிதறிவிட்டது, டிக்ளேரண்ட் முகம் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, அடுத்த மாதம் டேங்க் 80, பம்ப் 80, லான்ஸ் 80, பேட்டரி 80, பெல்ட், சுவிட்ச் எல்லாம் 80 செட் ஒரே கன்டெய்னரில் வரவழைத்து இங்கே பூட்டலாம் என்று முதலாளி சொல்கிறார். அப்போதும் இதே மாதிரி பிரிக்கணுமா? இரண்டு, கேமரன் மலைக்குப் போகிற பகுதி.

---

துவாஸ்_வழி:

முதல் கேள்விக்கு: இல்லை, அது தலைகீழாகிவிடும். பொது விதி 2(ஏ) படி (மேலே சொன்ன நோட் 2(ஏ) இல்லை, டாரிஃப் முழுவதற்குமான விதி), பூட்டாமல் வந்தாலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அது முழு மெஷின்தான். 80 செட்டும் ஒரே சரக்காக வந்தால் 8424.41, கையில் எடுத்துச் செல்லக்கூடிய விவசாய, தோட்ட ஸ்பிரேயர். சுவிட்ச்சோ பெல்ட்டோ விட்டுப் போனாலும் மெஷினின் குணம் தெரிந்தால் போதும், அதே கோட்தான். இப்போதைய சரக்கில் டேங்க் 80, பம்ப் 120, லான்ஸ் 150, பேட்டரி 40 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்ணிக்கை இருப்பதால்தான் ஸ்பேராக நிற்கிறது. முதலாளி கொஞ்சம் ஸ்பேரும் கொஞ்சம் செட்டும் கலந்து வரவழைத்தால், செட்டுக்குத் தனி வரியும் ஸ்பேருக்குத் தனி வரியுமாக இன்வாய்ஸ் போடச் சொல்லுங்கள்.

8424.81 என்று பழைய பெர்மிட்டில் பார்த்தால் அதை காப்பி அடிக்காதீர்கள். 2017-இல் அதை 41, 49, 82 என்று பிரித்துவிட்டார்கள். தூக்கிச் செல்லும் ஸ்பிரேயர் 41, டிராக்டரில் இழுப்பது மாதிரி மற்ற ஸ்பிரேயர் 49, சொட்டுநீர், ஸ்பிரிங்க்ளர் வகையறா 82. பாகங்களுக்கு 6 இலக்கத்தில் எல்லாம் 8424.90 என்றாலும், 8 இலக்கத்தில் எந்த மெஷினின் பாகம் என்பதைப் பொறுத்துப் பிரியும். அதனால் நாசில் எந்த மாடலுக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மலேசியா. அங்கேதான் கோடுக்குப் பணம் இருக்கிறது. ஆசியான் முழுக்க 8 இலக்கம் ஒன்றே என்பதால் நீங்கள் இங்கே போட்ட கோடும் அங்கே கே1 இறக்குமதிப் படிவத்தில் போடுகிற கோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை. வேறாக இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

சீனச் சரக்குக்கு ஃபார்ம் ஈ (ஆசியான்-சீனா ஒப்பந்தத்தின் பூர்வீகச் சான்றிதழ்) சலுகை வேண்டும் என்றால், இந்த அறுபது நாற்பது ஏற்பாட்டிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. சிங்கப்பூர் வழியாகத் திரும்ப அனுப்பும்போது இங்கிருந்து பேக்-டு-பேக் சான்றிதழ் (மூல ஃபார்ம் ஈ-யை வைத்து இடைநாடு கொடுப்பது) வாங்க வேண்டும். அதற்குச் சரக்கு கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டில், எஃப்டிஇசட்டிலோ (சுதந்திர வர்த்தக வளாகம்) பாண்டட் இடத்திலோ (வரி கட்டாமல் வைக்கும் கிடங்கு) இருந்திருக்க வேண்டும். உங்கள் உபி கிடங்குக்குக் கொண்டுவந்து, பெட்டி பிரித்து, மூன்று வாரம் வைத்திருந்து, அப்புறம் நாற்பது சதவீதத்தை எடுத்து அனுப்பினால் அந்தக் கதவு மூடிவிட்டது. மலேசியப் பங்கைச் சீனாவில் நிங்போ துறைமுகத்திலேயே தனி இன்வாய்ஸ், தனி பில் ஆஃப் லேடிங் போட்டுப் பிரிப்பது நல்லது. இன்னும் எளிது, நேராகப் போர்ட் கிளாங்குக்கே அனுப்பிவிடுவது. உங்கள் விலை வாங்குபவருக்குத் தெரிந்துவிடும் என்ற கவலை இருந்தால் மூன்றாம் தரப்பு இன்வாய்ஸ் வழி இருக்கிறது, ஃபார்ம் ஈ-யில் அதற்கான கட்டத்தைச் சப்ளையர் குறிக்க வேண்டும்.

ஃபார்ம் ஈ-யிலும் சப்ளையர் எல்லாவற்றுக்கும் 8424.90 போட்டிருப்பார் என்பது என் சந்தேகம். பெட்டியைத் திறந்தால் பம்ப், பேப்பரில் ஸ்பிரேயர் பாகம். அந்த வரிக்குச் சலுகை போய்விடும். கோட் மாறினால் பூர்வீக விதியை (பொருள் எந்த நாட்டில் செய்தது என்று தீர்மானிப்பது) பார்க்கிற ஹெடிங்கும் மாறும், அதனால் சப்ளையரிடம் கோடை மட்டும் திருத்தச் சொன்னால் போதாது. அந்தக் கோடின்படி பொருள் தேறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இங்கே கட்டியதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், ஏற்றுமதிக்குப் பூஜ்ய விகிதம். எம்இஎஸ் (பெரிய ஏற்றுமதியாளர்கள் இறக்குமதியின்போது ஜிஎஸ்டி கட்டாமலிருக்கும் திட்டம்) கிடைக்குமா என்று முதலாளி கேட்பார். ஏற்றுமதி விற்பனை மொத்தத்தில் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், அல்லது ஒரு வருஷத்தில் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்ட வேண்டும். கம்பெனியின் மொத்த வியாபாரமும் இந்தச் சரக்கு மாதிரி நாற்பதிலேயே நின்றால் கிடைக்காது.

---

செங்காங்_சேது:

டிரோன் ஸ்பிரேயர் ஸ்பேர் கேட்டு யாராவது வருவார்கள், அதையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். 2022-இலிருந்து டிரோன் 8806, பாகம் 8807. ஆனால் டிரோனில் தொங்குகிற டேங்க், நாசில், பம்ப் 8807 இல்லை. செக்ஷன் 17 நோட் 2, 84-ஆம் சாப்டர் மெஷின்களையும் அவற்றின் பாகங்களையும் வெளியே தள்ளுகிறது. தெளிப்புப் பாகம் 8424, பம்ப் 8413 என்று பழைய வழிதான். புரொப்பெல்லர் மட்டும் 8807.10. துளி 50 மைக்ரானுக்குக் கீழே, நிமிஷத்துக்கு 2 லிட்டருக்கு மேல், விமானத்திலோ டிரோனிலோ மாட்ட வடிவமைத்தது என்றால் அது ஸ்ட்ராட்டஜிக் குட்ஸ் (ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருள்கள்) பக்கம் போகும், இங்கிருந்து அனுப்பும் முன் பாருங்கள். வயல் நாசில் பெரும்பாலும் அதைவிடப் பெரிய துளிதான் போடும்.

ஹேண்டில் விஷயத்தில் பழைய டிக்ளேரண்ட் அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு நாள் 8424.90-இல்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

---

பழைய_டிக்ளேரண்ட்:

சேது, பழைய பெர்மிட்களை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். கஸ்டம்ஸில் தானாக முன்வந்து சொல்கிற திட்டம் இருக்கிறது. ஆடிட்டில் அவர்கள் கண்டுபிடித்த பிறகு போவது வேறு, முன்னால் போவது வேறு.

உபி, ஒன்று விட்டுப்போச்சு. டேங்க் மூடி உதிரியாக வருமே, அதைப் பிளாஸ்டிக் மூடி என்று 3923.50-இல் போடுவார்கள். அந்தக் கோட் பொருளை அடைத்து அனுப்புகிற பாத்திரத்தின் மூடிக்கு. உங்கள் மூடி காற்றுத் துளையும் மரையும் வைத்து அந்த டேங்குக்கே வார்த்தது, 8424.90. மூடிக்குள் இருக்கிற ரப்பர் வாஷர் தனிப் பாக்கெட்டில் வந்தால் மட்டும் 4016.93.